படத்தில் தெரியாதது

சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கும் ராமுத்தாய் நாலு வயது மகள் சின்னத்தாயைக் குளிப்பாட்டும்போது பிள்ளை வயிற்றின் இடப்பக்கம் ஏதோ கெட்டியாகக் கையில் தட்டுப்பட்டது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, கடைசியில் மதுரைக்கு வந்து சேர்ந்தபோது ராமுத்தாய்க்கு அழக்கூடத் தெம்பில்லை.

பிள்ளையின் நரம்பில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது கிட்னியில் புற்று, வலது கிட்னி நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"ஆனா ஆபரேஷன்ல வலது கிட்னியையும் நான் கையால தொட்டுப் பாக்கணும்மா" என்றார் அவர்.

"படத்துல நல்லாருக்குன்னு சொன்னீகளே சாமி. நல்லா இருக்கிறத எதுக்குக் கிண்டணும்?"

"இந்தப் புற்று சில பிள்ளைகளுக்கு ரெண்டு கிட்னிலயும் இருக்கும். சின்னக் கட்டின்னா படத்துல தெரியாது. விரல் பட்டாத்தான் தெரியும்."

எதிர்த்துப் பேசவும் அவளுக்குச் சலிப்பாக இருந்தது. "உங்க இஷ்டம்யா" என்று சொல்லிவிட்டு வராந்தாச் சுவரில் போய்ச் சாய்ந்தாள்.

ஆபரேஷன் முடிந்து சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார். இடது கிட்னியை எடுத்தாயிற்று. வலது கிட்னியின் பின்பக்கம் மிளகளவு ஒரு கட்டி ஒளிந்திருந்தது. அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுக் கிட்னியை விட்டுவைத்திருந்தார். புற்று மறுபடி வராமலிருக்க இனி மாதக்கணக்கில் ஊசி போட வேண்டும் என்றார்.

"அப்ப இன்னும் முடியலையா சாமி?"

"முடியலம்மா. ஆனா பிள்ளை பிழைக்க வழியிருக்கு."

ராமுத்தாய் தலையாட்டினாள். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான் என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷம் வருவதற்குத்தான் நேரமாகும் போலிருந்தது. உள்ளே மகள் முனகும் சத்தம் கேட்டதும் மெல்ல எழுந்து போனாள்.