தனியாகப் பேச அரை மணி

ஆய்வகத்துக்கு ஆள் எடுப்பதில் ஒரு வழக்கம் உண்டு. பேராசிரியர் கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்ததும், சம்பந்தம் பேசும் வீட்டுப் பெரியவர்போல நைசாக எழுந்து போய்விடுவார். வர விரும்புகிறவரும் அங்கே வேலை பார்க்கிற ஒருவரும் அரை மணி நேரம் தனியாகப் பேசிக்கொள்ளலாம். அன்று அந்த ஒருவர் அவள்தான். முனைவர் பட்டம் வாங்கிய கையோடு வந்தவள், நாலு வருடமாக அங்கே ஆய்வுக்கான உயிர்ச் செல்களைத் தட்டுகளில் வளர்க்கிறாள்.

பேராசிரியர் கதவைச் சாத்தியதுதான் தாமதம், கணினித் திரை வழியாக நேர்காணலுக்கு வந்திருந்த பெண் தமிழுக்கு மாறிவிட்டாள். "அக்கா, பேரைப் பாத்ததுமே நம்ம ஆளுன்னு தெரிஞ்சுது."

அக்கா என்று, தமிழ் பேச ஆளில்லாத அந்த ஊரில் அவளை யார் கூப்பிட்டார்கள்? காலையில் செல்களுக்குத் திரவம் மாற்றும்போது, "என்னடி பொண்ணுங்களா, தூங்கினீங்களா?" என்று தட்டுகளிடம் கேட்பாள். அதோடு அன்றைய தமிழ் தீர்ந்தது.

விண்ணப்பத்தைப் பார்த்த நாளிலிருந்தே மனக்கோட்டை கட்டியிருந்தாள். அவள் இருக்கும் வீட்டில் மாடி காலி. சாயங்காலம் சேர்ந்து காய்கறி வாங்கப் போகலாம். அந்தப் பெண் விண்ணப்பத்தில் குறிப்பிட்டிருந்த இரண்டு வயது மகளுக்குப் பெரியம்மா ஆகிவிடலாம். யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் அவளே முடிவு செய்திருந்தாள்.

"இன்னொரு இடத்துலயும் கூப்பிட்டிருக்காங்கக்கா. நாளைக்குள்ள பதில் சொல்லணும். குழந்தையைக் கூட்டிட்டு வரணும், அதான் பயமா இருக்கு. அங்க உண்மையில எப்படி?"

நல்லா இருக்கு, வா என்று சொன்னால் போதும். பேராசிரியருக்கும் அதுதான் வேண்டும். ஆனால் அந்த மனுஷர் வேலையை ஆறு ஆறு மாதமாகத்தான் நீட்டிப்பார், அதுவும் கடைசி வாரம்வரை இழுத்தடித்து. அவளுடைய கட்டுரை இரண்டு வருடமாக அவர் மேசையில் கிணற்றில் போட்ட கல். அவள் காய்ச்சலில் ஒரே ஒரு நாள் படுத்ததற்கு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்?

பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கொடுமை என்னவென்றால், அதைச் சொல்லிவிட அவ்வளவு ஆசையாக இருந்தது.

"வராதம்மா," என்றாள். "அந்த இன்னொரு இடத்துக்கே போ."

பிறகு ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"ரொம்ப நன்றிக்கா. வேற யாரும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க. அங்கேயே சரின்னு எழுதிடறேன்." உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. "பாப்பா எழுந்துட்டா. வச்சிடட்டுமாக்கா?"

"வச்சிடாத," என்றாள், கொஞ்சம் சத்தமாகவே. அவளுக்கே வெட்கமாகிவிட்டது. "பாப்பாவைத் தூக்கிட்டு வா. அழுதா அழட்டும், பரவாயில்ல. வேலையைப் பத்தி இனிமே ஒண்ணும் கேக்க வேண்டாம். சும்மா எதையாவது பேசிட்டிரும்மா, நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."