மூன்றாவது சூடு

மௌரீனின் அம்மா கிறிஸ்துமஸுக்குக் கேக் சுடும் தகர ஓவனுக்குள் மோட்டார் சைக்கிள் எஞ்சினின் பாதி வெந்துகொண்டிருந்தது. அம்மா ரசல் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து இதைப் பார்த்தால் வீடு இரண்டாகிவிடும் என்பது சமையலறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். கிளாரன்ஸுக்கு மட்டும் அந்தப் பயம் இரண்டாம்பட்சம். கீழே கரி, மூடியின் மேலே கரி, நடுவில் மௌரீனோடு அவனுடைய கல்யாணம்.

மௌரீனின் அப்பா ஆம்ப்ரோஸ் கண்டோன்மெண்டில் சானிடரி இன்ஸ்பெக்டர். பிரேசர் டவுனின் சாக்கடைகளையெல்லாம் மோட்டார் சைக்கிளில் சுற்றி வந்தே பெயர் வாங்கியவர். இப்போது எஞ்சினின் பேரிங் தேய்ந்து, வண்டி ஊளையிட்டு நின்றுவிட்டது. யுத்த காலம், ஒர்க் ஷாப்காரர்கள் ராணுவ லாரியைத் தவிர எதையும் தொடுவதில்லை. அந்தச் சமயம் பார்த்துத்தான் மௌரீன் அப்பாவிடம், "கிளாரன்ஸுக்கு எஞ்சின் வேலை அத்துப்படிப்பா, விமான ஃபாக்டரியில இருக்காரு" என்று சொல்லிவைத்தாள். அதுவரை பதிதர் வீட்டுப் பையன், மாதாவைக் கும்பிடாத புரொட்டஸ்டண்டுக்காரன் என்று கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி வைக்கப்பட்டவன், அன்றைக்குச் சமையலறை வரை வந்துவிட்டான்.

விமான ஃபாக்டரி என்பது உண்மைதான். அங்கே அவன் ஸ்டோர் குமாஸ்தா என்பதை மௌரீன் சொல்லவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பேரிங் எடுத்துக் கொடுப்பான். அளவைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு அலமாரியைக் காட்டுவான். ஆனால் இறுகிப்போன ஒரு பேரிங்கை அவன் தன் கையால் கழற்றியதே இல்லை. ஃபிட்டர்கள் டீ குடிக்கும்போது பேசிக்கொள்வதைக் கேட்டதுதான் அவனுடைய வித்தை எல்லாம். வெளியே அலுமினியக் கூடு, உள்ளே இரும்பு பேரிங். கூட்டை நன்றாகச் சூடாக்கினால் அது விரிந்து பிடியை விடும், அந்த நேரத்தில் தட்டிவிட வேண்டும், ஆற ஆரம்பித்தால் மறுபடி கவ்விக்கொள்ளும். கேட்கும்போது எவ்வளவு சுலபமாக இருந்தது!

முதல் தடவை சூடு போதவில்லை. பேரிங் அசையவே இல்லை. இரண்டாவது தடவை நூலளவு இறங்கியது. அந்த சந்தோஷத்தில் கிளாரன்ஸ் ஓங்கி அடித்த அடி கோணலாக விழுந்து, கூட்டின் விளிம்பில் ஒரு சில்லு தெறித்துப் போயிற்று. ஆம்ப்ரோஸ் அந்தச் சில்லைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். கூடு உடைந்தால் வேறு கூடு கிடையாது. சீமையிலிருந்து கப்பல் வந்தால்தான் உண்டு. வருகிற கப்பலையோ எதிரிகள் கடலிலேயே மூழ்கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்க மிஸ்டர்," என்றார். அவர் கோபத்தில் கத்துகிறவர் அல்ல, அதுதான் கஷ்டம். "இன்னும் ஒரு தடவை. வரலேன்னா இதோட விட்டுருங்க. ரெண்டையும்."

இரண்டாவது எது என்று கிளாரன்ஸ் கேட்கவில்லை. மௌரீன் கரியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து வரை சிவந்திருந்தது அடுப்பின் அனலால் மட்டும் அல்ல. பொய் அவளுடையது, மாட்டிக்கொண்டவன் அவன். அவனுக்கு அவள் மேல் ஆத்திரமும் வந்தது, அந்த நிமிஷமே அவளை இழுத்துக்கொண்டு எங்காவது ஓடிவிடலாமா என்றும் இருந்தது.

மூன்றாவது சூடு ஏறியதும் அவன் மூடியைத் தள்ளி, கூட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டான். சொட்டு சொய்யென்று துள்ளி மறைந்தது.

"இப்ப!" என்றான்.

"ஜல்தி, ஜல்தி," என்றபடி ஆம்ப்ரோஸ் ஈரச் சாக்கால் கூட்டைத் தூக்கி, தரையில் போட்டிருந்த இரண்டு கட்டைகளின் மேல் கவிழ்த்தார். முழங்காலிட்டு, சாக்கோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். கிளாரன்ஸ் எதிரே முழங்காலிட்டு, வேலமரக் குச்சியைப் பேரிங்கின் மேல் நேராக நிறுத்தி, மரச் சுத்தியை ஓங்கினான்.

மாதா கோவில் மணி அடித்தது.

பகல் பன்னிரண்டு. ஆம்ப்ரோஸின் கைகள் சாக்கை விட்டுவிட்டுக் குவிந்தன, கண்கள் மூடிக்கொண்டன. காலை, பகல், மாலை மூன்று வேளையும் சொல்லும் திரிகால ஜெபத்துக்கு மணி அடித்துவிட்டால் அந்த வீட்டில் வாய்க்குப் போன சோறு கூடத் தட்டுக்குத் திரும்பிவிடும். தேவதூதரான சம்மனசு மாதாவுக்கு மங்களம் சொன்ன கதையை அவர் நிதானமாக, ஒரு வார்த்தையையும் விழுங்காமல் ஆரம்பித்தார்.

கிளாரன்ஸின் சுத்தி அந்தரத்தில் நின்றது. மூன்று மாதா ஜெபம் முடிவதற்குள் கூடு ஆறிவிடும். அடித்தால் பெரியவரின் ஜெபத்தில் அடித்த பதிதன். அடிக்காவிட்டால் வேலை தெரியாத புளுகன். எப்படிப் பார்த்தாலும் வாசலுக்கு வெளியேதான். பிடிக்க ஆளில்லாமல் அடித்தால் கூடு புரண்டு விரிசல் விடும், அது வேறு. பாவி, இந்த மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் பொறுக்கவில்லையே என்று நினைத்தான்.

"அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே..." மௌரீன் பதில் ஜெபம் சொல்லிக்கொண்டே முழங்காலால் நகர்ந்து வந்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில் குனிந்து சாக்கைப் பிடித்தாள். ஈரம் காய்ந்துபோயிருந்த சாக்கு அவள் உள்ளங்கையைச் சுட்டிருக்க வேண்டும். முகம் சுருங்கியது, குரல் பிசகவில்லை. தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.

அவன் அடித்தான்.

ஆம்ப்ரோஸின் குரல் ஒரு படி ஏறியது. கண் திறக்கவில்லை. இரண்டாவது அடி. குரல் இன்னும் ஏறியது. மௌரீனும் அதற்கு ஈடாகப் பதில் சொன்னாள். மூன்றாவது அடி நேராக விழுந்தபோது பேரிங் வழுக்கிக்கொண்டு இறங்கி, தரையில் ணங்கென்று விழுந்தது. அவள் கண் அதிலேயே நின்றுவிட்டது. கடைசி மாதா ஜெபத்துக்கு அவளிடமிருந்து பதில் வரவில்லை. ஆம்ப்ரோஸ் சற்றுக் காத்திருந்து, தானே தொடர்ந்து முடித்தார்.

"ஆமென்."

யாரும் எழுந்திருக்கவில்லை. வெளியே ஒரு ஜட்கா போகும் சத்தம் கேட்டது. கிளாரன்ஸ் சுத்தியைக் கீழே வைக்கவும் பயந்து கையிலேயே பிடித்திருந்தான். ஆம்ப்ரோஸ் கூட்டைப் புரட்டி, பேரிங் இருந்த வட்டத்தைச் சுற்றிக் கட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தார். சூட்டையும் பொருட்படுத்தாமல் முழுதாகச் சுற்றி வந்தார். விரிசல் இல்லை.

"ஜெபத்துல அடிக்கலாமா?" என்றார் கூட்டைப் பார்த்தே.

"தப்புத்தான் சார்," என்றான் கிளாரன்ஸ். பிறகு, என்ன வந்தாலும் வரட்டும் என்று, "நான் ஃபிட்டர் இல்ல சார். ஸ்டோர்ல கிளார்க்."

"அது முதல் சூட்டுலயே தெரிஞ்சிபோச்சி." மகளிடம் திரும்பினார். "கடைசிக்கு நீ பதிலே சொல்லல. விட்டதைச் சொல்லு."

மௌரீன் சிவந்த உள்ளங்கைகளைக் குவித்து, தலை குனிந்து தொடங்கினாள். அவள் பாதியில் இருக்கும்போதே ஆம்ப்ரோஸ் எழுந்தார். இன்னொரு பேரிங் இறுகிக் கிடந்த எஞ்சினின் மற்ற பாதியைத் தூக்கி ஓவனுக்குள் வைத்து மூடினார். பிறகு கரி விசிறும் பனையோலை விசிறியை எடுத்து, ஓசைப்படாமல் கிளாரன்ஸின் கையில் திணித்தார்.