ஒரு தகட்டு இடைவெளி

சுருதிக்காரருக்குப் பாம்புக் காது. பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது தொழில். மூன்றாவது வீட்டில் குழாய் சொட்டினாலும் எந்தச் சுரத்தில் சொட்டுகிறது என்று சொல்லிவிடுவார்; கேட்கத்தான் ஆள் இருக்காது. இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி மாட்டு டாக்டர். மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்க அவள் வைத்திருந்த நாலு சக்கர பைக், ஓடும்போதெல்லாம் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டாக்டர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, அவர் இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றினார். வால்வுக்கும் அதை அமுக்கித் திறக்கும் இரும்புக் கைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. இதனால்தானே தட்டுகிறது? தளர்ந்ததையெல்லாம் முறுக்கியே பழகிய கை, அதன் மேலிருந்த திருகுகளை இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிட்டது. மனைவி அசந்துபோகட்டும் என்று ஒன்றும் சொல்லாமல் மூடியை மாட்டி, கையைக் கழுவிக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை போன் வந்தது. மேட்டுப் பண்ணையில் பசு ஒன்று கன்று போட முடியாமல் தவிக்கிறது, ஒரு கால் மட்டும் வெளியே வந்திருக்கிறது. அந்தச் சேற்றுப் பாதையில் கார் ஏறாது. டாக்டர் பைக்கின் பட்டனை அழுத்தினாள். மோட்டார் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவே இல்லை.

"பேட்டரியா இருக்குமோ?" என்றார் சுருதிக்காரர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. விடுங்க, நடந்தே போறேன்."

நடந்தால் ஒரு மணி நேரம். அதுவரை கன்று தாங்காது என்பது, பத்து வருஷம் அவளோடு குடித்தனம் செய்தவருக்குத் தெரியாதா?

"நேத்து நான்தான் வால்வைக் கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"சத்தமே வராத மாதிரி இறுக்கிட்டேன்."

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! அந்த இடைவெளி இல்லன்னா வால்வு முழுசா மூடாது. மூடலன்னா அழுத்தம் நிக்காது. அப்புறம் எப்படி ஸ்டார்ட் ஆகும்?"

"நீயே சரி பண்ணிடேன்."

"மாட்டு வயித்துக்குள்ள விடப்போற கை இது. கிரீஸும் கரியுமாவா விடறது? கெடுத்தவரே பண்ணட்டும்."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல, அவர் மூடியைக் கழற்றினார். வால்வுகள் மூடும் இடத்துக்கு இன்ஜினைச் சுற்றினார். முடி கனத்தில் ஒரு அளவுத் தகட்டை இடைவெளியில் செருகித் திருகைத் திருப்பினார்.

"இழுத்துப் பாருங்க. லேசா உரசணும். இறுக்கிப் பிடிக்கவும் கூடாது, வழுக்கிக்கிட்டு வரவும் கூடாது."

திருகைப் பூட்டும் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே திரும்பித் தகடு மாட்டிக்கொண்டது. மறுபடி தளர்த்தினார். மறுபடியும் மாட்டியது.

"கன்னுக்குட்டி..."

"அந்தக் கவலை எனக்கு. நீங்க தகட்டைப் பாருங்க." அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இவ்வளவு பொறுமையாகச் சொன்னதுதான் அவரை உலுக்கியது.

மூன்றாம் முறை தகடு லேசாக உரசிக்கொண்டு வந்தது. அடுத்த வால்வு முதல் தடவையிலேயே படிந்தது. மூடியை மாட்டியதும் டாக்டர் பட்டனை அழுத்தினாள். டிக் டிக் டிக். அந்தச் சத்தம் அவருக்குத் தேனாக இனித்தது அன்றைக்குத்தான்.

"ஏறுங்க."

"நான் எதுக்கு?"

"வழியில நின்னா கையை அழுக்காக்கிக்க ஆள் வேணாமா?"

பண்ணையில் கன்று வெளியே வந்ததும் மூச்சு விடவில்லை. டாக்டர் வைக்கோலால் அதன் நெஞ்சைத் தேய்த்தாள், தேய்த்தாள். கடைசியில் அது தும்மியது. சுருதிக்காரர் சுவர் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிரீஸ் மூக்கு வரைக்கும் பரவியது.

"யாருங்க இவரு?" என்றார் பண்ணைக்காரர்.

"என் மெக்கானிக்."

"அப்படியா! எங்க டிராக்டர்கூட ரொம்பச் சத்தம் போடுதுங்க. ஒரு கை பாத்துடுங்களேன்."

"வேண்டாம்!" என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் அலறினார்கள்.