களத்துக் கூழ்

தைலம்மாளின் கால் அன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிவிட்டால், நான்கு பெண்களும் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகக் காலால் கோடு இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். முன்னால் போகிறவளின் கோட்டை ஒட்டியே பின்னால் வருகிறவள் இழுப்பாள். தைலம்மாளின் கோடு மட்டும் பாம்பு போன தடம்போல் வளைந்து கிடந்தது.

“இன்னாடி, ராத்திரி சாராயம் போட்டியா?” என்றாள் முன்னால் போன நாகம்மாள்.

மாரியம்மாளும் அஞ்சலையும் சிரித்தார்கள். தைலம்மாளும் சிரித்தாள். அந்த ரைஸ்மில் களத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது. அதுதான் அவளுக்குத் தொல்லை.

திண்டிவனம் ரோட்டில் புதிதாக மல்லாட்டைத் தோலை உடைத்துக் கடலை எடுக்கும் மிஷின் போட்டிருந்தார்கள். அங்கே மேஸ்திரியாக இருந்த ராஜாங்கம் காலையில் அவளை வழிமறித்தான். இங்கே வாங்குவதைப்போல் ஒன்றரை மடங்கு கூலி. ஆனால் வேலை நேரத்தில் வாய் திறக்கக் கூடாது.

“சாயங்காலம் இந்த வழியாத்தான் போவேன். வரேன், வரலன்னு ஒரே சொல்லு. உனக்குன்னு எடத்த வெச்சிக்கினு உக்காந்திருக்க முடியாது.”

இங்கே முதலாளி அதட்டிப் பேசியதில்லை. கூலியை ஏற்றிக் கேட்டால், “அடுத்த அறுப்புக்குப் பாக்கலாம், தாயே” என்பார். அப்படியே மூன்று அறுப்பு போய்விட்டது.

அரிசிக்கு ஊரே அலைந்த அறுபத்தைந்தாம் வருஷம் அது. காலடியில் கொட்டிக் கிடந்தது நெல். வயிற்றுக்குள் போனது கேழ்வரகுக் கூழ். மத்தியானம் நால்வரும் தங்கள் கூழை ஒரே பானையில் ஊற்றிக் கரைப்பார்கள். யாருடையது கெட்டி, யாருடையது தண்ணீர் என்று யாரும் பார்ப்பதில்லை. வெறும் சட்டியோடு வந்தவளும் கவிழ்ப்பதுபோல் கவிழ்த்துவிட்டு உட்காரலாம். நாகம்மாள் அகப்பையால் சமமாக ஊற்றுவாள். ஒரே கட்டு: கலந்த கூழ் களத்தைத் தாண்டக் கூடாது.

தைலம்மாள் சில நாட்களாக வெறும் சட்டியைத்தான் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்த கையளவு மாவைத் தண்ணீராகக் கரைத்து மகளுக்கு வைத்துவிட்டு வருவாள். நேற்று அந்தப் பிள்ளை பவுனம்மாள் கேட்டது: “மத்தியானம் நீ சாப்டியாம்மா?”

சாப்பிட்டேன் என்றாள். பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் தேவலை.

நாகம்மாள் அகப்பையைத் தூக்கியபோது தைலம்மாள் கை நீட்டவில்லை.

“யக்கா, என் பங்க பவுனுக்குக் குடுத்துட்டு ஓடியாந்துடறேன்.”

“கலந்தது களத்தோட போவணும்னு நாமதானடி கட்டு வெச்சோம்? இன்னிக்கு நீ, நாளைக்கு இவ. அப்புறம் பானை எதுக்கு?” என்றவள், தைலம்மாளின் முகத்தைப் பார்த்தாள். தன் பங்கையும் அவள் சட்டியில் ஊற்றினாள். மாரியம்மாள் ஊற்றினாள். அஞ்சலை ஊற்றினாள்.

“எனக்கு இன்னிக்கு வயிறு சரியில்ல” என்றாள் மாரியம்மாள்.

“உனக்கு என்னிக்குடி சரியா இருந்துச்சி?” என்றாள் அஞ்சலை. சிரித்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்கள்.

பிள்ளைக்கு ஊட்டிவிட்டுத் திரும்பினாள் தைலம்மாள். கொதிக்கிற களத்தில் காலி வயிறோடு மூவரும் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள், அப்போதும் யாரையோ கேலி செய்தபடி. இவர்கள் இவ்வளவு நல்லவர்களாக இல்லாதிருந்தால் அவள் என்றைக்கோ போயிருப்பாள். முதலாளி கொடுக்காத கூலியை இந்த மூன்று வயிறுகள் கொடுத்துக்கொண்டிருந்தன. இன்னும் எத்தனை நாள் கொடுக்கும்?

வெயில் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்கியது. நெல்லை வாரிக் குவிக்கிற நேரம். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. தைலம்மாள் நெல் வாரும் பலகையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

“வரேன், மேஸ்திரி.”

“திங்கக்கெழமை. விடிஞ்சதும் நிக்கணும்” என்று களம் வரைக்கும் கேட்கச் சொல்லிவிட்டு அவன் சைக்கிளை மிதித்தான்.

ஒருத்தி அந்தண்டை இந்தண்டை போனால் அவள் பங்கு நெல்லை மற்றவர்கள் வாரிவிடுவது களத்து வழக்கம். அவள் திரும்பியபோது மூன்று குவியல்தான் இருந்தன. அவள் பங்கு மட்டும் பரப்பினபடியே கிடந்தது.

நாகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“இன்னா பாக்கற? உன் பங்க நீயே வாரு. திங்கக்கெழமைலேருந்து நாங்கதான வாரப்போறோம்?”

தைலம்மாள் பலகையை எடுத்தாள்.

“அங்க போம்போது கெட்டியா கரைச்சி எடுத்துக்கினு போடி” என்றாள் நாகம்மாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. “வெறுஞ்சட்டியா கொண்டுபோனா மறைக்கிறதுக்கு அங்க இந்தப் பானை இருக்காது.”