பணிய லயத்துப் புகை

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஐம்பத்தாறாம் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். பாதியில் யாரும் எழுந்து போகக் கூடாது.

வீரய்யா செத்துப்போன தன் மனைவி காளியாயியின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். இது மூன்றாவது தடவை. தேயிலை காயவைக்கும் ஸ்டோரில் பதினாறு வருடமாக அடுப்புக்கு விறகு தள்ளிய கைக்கு, இன்று ஒரு முடிச்சு நிற்கவில்லை.

ஸ்டோருக்கு நேர் கீழே பணிய லயம், அதாவது பள்ளத்துத் தொழிலாளர் வரிசை வீடுகள். மார்கழிக் காலையில் பள்ளத்தைப் பனி மூடிவிடும். ஸ்டோர்ப் புகை மேலே ஏற வழியில்லாமல் லயத்து வாசலிலேயே படுத்துக்கிடக்கும். அந்த நாட்களில்தான் காளியாயிக்கு இழுப்பு கூடும். இன்று விடியும்போது இழுப்பும் நின்றது, மூச்சும் நின்றது.

"பனிதாண்ணே அவளக் கொண்டுபோயிருச்சு," என்றாள் சுவரொட்டிய பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அம்மாக்கண்ணு. அவள் இடுப்பிலிருந்த கைக்குழந்தையின் நெஞ்சிலும் பூனை உறுமுவதுபோல் ஒரு சத்தம்.

மத்தியானம் பொகவந்தலாவையிலிருந்து காளியாயியின் தம்பி மாயாண்டி, பிறந்தவீட்டுக் கோடியோடு வந்தான்.

"டிஸ்பென்சர் ஐயா என்னதான் சொன்னாரு மச்சான்?"

"பனி ஆவாதுன்னாரு."

காளியாயியிடமும் வீரய்யா இதையேதான் சொல்லியிருந்தான். தோட்டத்து மருந்துக்காரரான டிஸ்பென்சர் சொன்னதோ வேறு: "இந்தப் பொகையில இவ நெஞ்சு தாங்காது வீரய்யா. மேட்டு லயத்துல காம்பரா இருக்கு, ஏறிப்போயிரு." மேட்டு லயம் ஒரு மணி நேர ஏற்றம். தினமும் வேலைக்கு விடியுமுன் இறங்கி, பொழுது சாய்ந்து ஏற வேண்டும். "மேல போனா பனியில செத்துருவியாம்," என்றான் அவளிடம். அவளும் நம்பி, வெதுவெதுப்புக்காக ஸ்டோர்ச் சுவரிலேயே முதுகைச் சாய்த்து உட்காரத் தொடங்கினாள்.

துக்கம் கேட்க வந்த கணக்கப்பிள்ளை, அம்மாக்கண்ணைப் பார்த்ததும் நின்றார். "மேட்டு லயத்துக் காம்பராவ ஒனக்குக் குடுத்தாச்சு. நாளைக்கே ஏறிரு."

"ஐயோ, வேணாங்கய்யா! காளியாயி அக்காவையே பனி தின்னுருச்சு. இங்கன்னா புள்ளைக்கு ஸ்டோர் வெக்கையாவது இருக்கு."

"ஒன் வாய் வெக்கையே போதுமே புள்ளைக்கு," என்றார் பந்தல் கட்டிய மூக்கன். இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள்.

குழந்தை இருமியது. முகம் சிவந்து, மூச்சுக்குத் தவித்து, மறுபடி இருமியது.

"ஏறிப்போ தங்கச்சி," என்றான் வீரய்யா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பனி இல்ல. பொக. டிஸ்பென்சர் ஐயா பொகைன்னுதான் சொன்னாரு. ஏத்தம் நடக்கச் சலிச்சுக்கிட்டு நான்தான் மாத்திச் சொன்னேன். அவகிட்டயும்."

மாயாண்டி அவனைப் பார்க்கவில்லை. கோடியை உதறி விரித்தான். ஒரு முனையைப் பிடிக்க வீரய்யா கை நீட்டினான். இரு முனையையும் மாயாண்டியே பிடித்து அக்காவுக்குப் போர்த்தினான்.

நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீரய்யா நின்றான். பக்கத்துக் காம்பராவுக்குப் போன அம்மாக்கண்ணு ஏனங்களைச் சாக்கில் போடும் சத்தம் கேட்டது.

உங்கள் வாசலில் நல்ல காற்று வீசட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நெஞ்சு நிறைய மூச்சு விட்டுத் தூங்கட்டும்.