டம்ப் என்றால் குப்பை

அன்றைக்கு பியூலாவுக்கு உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. ஆராதனை முடிந்து வந்து, சோறு தின்றோமா, கொஞ்சம் சாய்ந்தோமா என்று இருக்க முடிகிறதா? கோரமண்டல் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்தவளுக்கு ஞாயிறு கிடையாது. வார நாளில் ஊரில்தான் யார் இருக்கிறார்கள்? பாதி ஜனம் விடியுமுன் ரயிலேறி பெங்களூர் போகிறது, பொழுது போய்த் திரும்புகிறது. மனு எழுதவும் கடுதாசி அடிக்கவும் அவர்களுக்குக் கிடைப்பது இந்த ஒரு நாள்தான்.

கடைக்கு ஒரு நல்ல பேர் இருந்தது. அங்கே அடித்த விஷயம் வெளியே போகாது. அவளுடைய சித்தப்பா மகன் வின்னி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். இரண்டு வருடம் முன்பு அவன்தான் பழைய மிஷினைத் துடைத்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். இது யாரையும் வேவு பார்க்காது என்று அவன் சொன்னதை அவள் வருகிறவர்களிடமெல்லாம் அப்படியே ஒப்பித்தாள். லினக்ஸ் என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. பியூலா சொன்னால் சரி என்று வந்தார்கள்.

அப்படி வந்தவள்தான் பாலகாட் பக்கத்தில் குடியிருக்கும் இந்து. பெங்களூரில் தையல் ஃபேக்டரியில் வேலை. சூப்பர்வைசர் ஒருத்தன் நாலு மாதமாக அவளைப் படுத்துகிற பாட்டை எழுத்தில், பேர் போட்டுக் கொடுத்தால்தான் ஃபேக்டரியில் புகார் கேட்கிற கமிட்டி எடுத்துக்கொள்ளுமாம். இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது. பாதி நேரம் அழுகை. புருஷன் காதுக்குப் போனால் வேலையை விட்டு நிறுத்திவிடுவான், ஃபேக்டரி காதுக்கு முன்னாலேயே போனால் அவர்களே நிறுத்திவிடுவார்கள். வெளியே போகாதில்ல அக்கா, போகாதில்ல அக்கா என்று நாலு தடவை கேட்டாள். இந்த ரூமைத் தாண்டாது என்று நாலு தடவையும் பியூலா சத்தியம் பண்ணினாள். இந்த ஞாயிறு சாயங்காலம் வந்து ப்ரின்ட் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை கமிட்டியிடம் கொடுப்பதாக ஏற்பாடு.

மத்தியானம் வின்னி வந்தான். மிஷின் அடிக்கடி நின்றுபோகிறது என்று அவள்தான் கூப்பிட்டிருந்தாள். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தவன், எழுதுகிற ப்ரோக்ராம் செத்துச் செத்துப் பிழைக்கிறது என்றான். அப்படி நிற்கும்போது திரையில் ஒரு பெட்டி வந்து ஏதாவது கேட்குமா என்று விசாரித்தான். வரும் என்றாள். டம்ப்பை அனுப்பவா என்று இங்கிலீஷில் கேட்கும், சனியன் ஒழியட்டும் என்று அனுப்பு என்பதை அமுக்கிவிடுவாள். திரும்பத் திரும்ப வந்து உயிரை வாங்கியதால், இனிமேல் கேட்காமலே அனுப்பு என்ற கட்டத்திலும் டிக் போட்டுவிட்டாள்.

வின்னி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவளைப் பார்த்தான். "டம்ப்னா இன்னான்னு நெனச்சேக்கா?"

"டம்ப்னா டம்ப்தான்டா. குப்பை."

வேறென்ன நினைப்பாள்? அவள் பிறந்த ஊரில் டம்ப் என்றால் ஒரே அர்த்தம்தான். சுரங்கக்காரர்கள் தங்கத்தை எடுத்துக்கொண்டு, சயனைடு கலந்த மண்ணைக் கொட்டி வைத்திருக்கிற அந்த மலை. காற்றடித்தால் சோற்றில் விழுகிற தூசி. அதை யாராவது கொண்டுபோகிறேன் என்றால் மகராசனாக எடுத்துக்கொண்டு போ என்றுதானே சொல்வாள்.

வின்னி சிரிக்கவில்லை. ப்ரோக்ராம் சாகிற நேரத்தில் அதன் தலைக்குள் என்ன இருந்ததோ அதை அள்ளிக் கட்டுகிற மூட்டைக்குத்தான் டம்ப் என்று பேர், எங்கே கோளாறு என்று பார்க்க ப்ரோக்ராமைச் செய்தவர்கள் கேட்கிறார்கள் என்றான். அடித்துக்கொண்டிருக்கிற கடுதாசியும் அதில் போகுமா என்று அவள் கேட்டாள். துண்டு துண்டாகப் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம், இங்கிருந்து சொல்ல முடியாது என்றான். லட்சம் மிஷினிலிருந்து வருவதை யாரும் உட்கார்ந்து படிக்கப்போவதில்லை என்றும் சொன்னான். பிறகு அனுப்புவதை நிறுத்தி வைத்துவிட்டு, மாரிகுப்பம் பக்கம் வேலை இருக்கிறது என்று கிளம்பினான்.

பியூலா ஃபேனைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். இந்துவின் கடுதாசி அடிக்கும்போது மிஷின் இரண்டு தரம் நின்றது நன்றாக ஞாபகம் இருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வின்னியே யாரும் படிக்கமாட்டார்கள் என்கிறான். சொன்னால் அந்தப் பெண் பயந்துபோய் கடுதாசியைக் கொடுக்காமலே விட்டுவிடலாம். அப்புறம் அந்த சூப்பர்வைசர் அவன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பான். ஆனால் நாலு தடவை கேட்டாளே.

சாயங்காலம் இந்து வந்ததும், அவளை உட்காரக்கூட விடாமல் பியூலா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டம்ப் என்பதைக் குப்பை என்று நினைத்தது, டிக் போட்டது, மிஷின் இரண்டு தரம் நின்றது, எதையும் மறைக்கவில்லை.

இந்து திரையைப் பார்த்தாள். "என் பேரு போயிருக்குமா?"

"போயிருக்கலாம்மா."

"அவன் பேரு?"

"அதுவுந்தான்."

"நானு நாலு மாசமா உன்னத் தவிர யார்கிட்டயும் சொல்லாத பேருக்கா அது," என்றாள் இந்து. கோபமாகச் சொல்லவில்லை. குரலில் களைப்புதான் இருந்தது. "சரி, ப்ரின்ட் எடு. அந்தப் பேரு இனிமே நமக்குள்ள மட்டும் இல்ல. பயந்து இன்னா ஆவப்போவுது."

பியூலா எடுத்துக் கொடுத்தாள். இந்து நின்றபடியே ஒருமுறை படித்தாள், குனிந்து மேஜைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள், நாலாக மடித்து ரயில் பாஸ் வைத்திருந்த பையில் சொருகிக்கொண்டாள். பியூலா மன்னிச்சிடும்மா என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் நடந்துவிட்டாள்.

வாசல்வரை போன இந்து திரும்பினாள்.

"நீ சொன்னியே, அது பெருசுக்கா. கோவமெல்லாம் இல்ல," என்றாள். "ஆனா இனிமே எதுனா எழுதணும்னா நானே கையால எழுதிக்கிறேன்."