இருதயம்மாளின் பெயரை அடிப்பதற்கு முன்

1

இந்தக் கதை திருட்டு. தேனியில் ஒரு பள்ளி அலுவலகத்தில், காது கேளாத மகளுக்காக ஒரு தாய் தலைமையாசிரியரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். அவளுக்குத் துணையாக ஒரு வார்த்தை பேசவில்லை. தலைமையாசிரியருக்கு என் வீடு தெரியும். ஆகவே கதையை 1889க்கு, அனுமந்தன்பட்டிக்குத் தள்ளிவிட்டேன். பள்ளிக்கூடத்தையும் நானே கட்டினேன். கீற்றுக்கொட்டகைதான், செலவில்லை.

2

"மேற்கு மலையின்மேல் மேகங்கள் திரண்டு, முல்லையாற்றின்..."

(வேண்டாம். என் கதையின் தாய் செபஸ்தியம்மாள் மேகம் பார்க்க வரவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறாள்.)

மறுபடி தொடங்குகிறேன். அங்கே பாடம் என்றால் கூட்டுக்கத்தல். மரிய ஜோசப் வாத்தியார் ஒரு வரி சொல்வார். நாற்பது பிள்ளைகள் திருப்பிக் கத்தும். அந்த இரைச்சலுக்குள் செபஸ்தியம்மாளின் மகள், எட்டு வயது இருதயம்மாள், நான்கு மாதமாக வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தப்புக்கூட விடாத பிள்ளை என்று வாத்தியார் அவளைத்தான் மற்றவர்களுக்குக் காட்டி வந்தார்.

வியாழக்கிழமை பள்ளிகளைச் சோதிக்கும் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை வருவதாகத் தகவல். துரை பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பார். ஒத்திகைக்கு வாத்தியார் முதலில் எழுப்பியது இருதயம்மாளை. அவள் வழக்கம்போல வாயசைத்தாள். வாத்தியார் குனிந்தார். முட்டி போட்டார். கடைசியில் அவள் வாயருகே காதை வைத்தார்.*

* பிள்ளைகள் சிரித்ததாக எழுதி, அடித்துவிட்டேன். பிரம்பு அவர் கையில்தான் இருந்தது.

நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

3

மறுநாள் காலை செபஸ்தியம்மாள் வந்துவிட்டாள்.

"செவிட்டுப் பிள்ளைய ஏமாத்திச் சேத்துவிட்டியே, நியாயமா?" என்றார் வாத்தியார்.

"காது கேக்குமான்னு நீங்க கேக்கவே இல்லையே."

"அத வேற கேக்கணுமா?"

"நாலு மாசமா அவளத்தான கெட்டிக்காரின்னீக? உங்க காதுக்கு என்ன வந்துச்சாம்?"

"ஆத்தா, துரை வாயால கேப்பாக. பிள்ள வாயால சொல்லணும். இல்லாட்டி பேர அடிச்சிருவாக."

"மணல்ல எழுதிக் காட்டுவா. பலகையப் பாத்தே அம்புட்டு எழுத்தும் படிச்சிருக்கா."

"எழுதுறது வேற, சொல்றது வேற."

4

(ஒரு சந்தேகம். செபஸ்தியம்மாளின் புருஷன் சூசைமுத்துவை வைத்து என்ன செய்வது? துணைக்கு வந்தவர் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு "ஆமா" என்கிறார். அதுவும் யார் பேசினாலும். இரண்டு தடவை அவரைக் கதையிலிருந்து நீக்கினேன். மூன்றாவது தடவை நீக்கப் போகையில் வாயைத் திறந்தார்.)

"வாத்தியாரே, போன வருசம் துரைக்குப் பக்கத்துலயே நின்னீகளே, எதுக்கு?"

"அவுகளுக்குத் தமிழ் பிடிபடாது. பிள்ளைக சொல்றத நான் இங்கிலீசுல சொல்லணும்."

"அப்ப பிள்ளைக சொல்றது அவுகளுக்கும் வெளங்காது?"

"வெளங்காது."

"அவுகளுக்கு மட்டும் ஒரு ஆளு நிக்கலாமாக்கும்?"

வாத்தியார் செபஸ்தியம்மாளைப் பார்த்தார். அவள் யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத மட்டும் துரைகிட்ட சொல்லிறாதீக," என்றார் வாத்தியார். "தனக்குத் தமிழ் தெரியும்னு அவுக நெனச்சுக்கிட்டிருக்காக."

"மக பேரு பட்டியல்ல இருந்தா நாங்க ஏன் பேசப்போறோம்?" என்றாள் செபஸ்தியம்மாள்.

5

வியாழக்கிழமை. துரை நாற்காலியில். செபஸ்தியம்மாள் வாசலில். வாத்தியார் பலகையில் "உன் ஊர் எது?" என்று எழுத, இருதயம்மாள் மணலில் எழுதத் தொடங்கினாள். அனுமந்தன்பட்டி நீளமான பெயர். இடம் போதவில்லை. காலைத் தள்ளச் சொல்லித் துரையின் பூட்ஸைத் தட்டினாள். துரை தள்ளினார். ஊர் முடிந்தது.

பிறகு, இவள் ஏன் பேசவில்லை என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டே, பதிவேட்டில் அவள் பெயர்மேல் பேனாவை வைத்தார்.

முடிவு ஒன்று: துரையின் கண்கள் கலங்கி... (கிடையாது. அவருக்கு இன்னும் ஆறு பள்ளிக்கூடம் பாக்கி.)

முடிவு இரண்டு: பெயரை அடித்தார். செபஸ்தியம்மாள் அழுதுகொண்டே வீட்டுக்கு... (என்னை உதைப்பாள்.)

முடிவு மூன்று: துரை நல்லவர், விட்டுவிட்டார். எனக்கு ஒரே வரியில் வேலை முடிந்தது. ஆனால் அடுத்த வருடம் வேறு துரை வருவார். செபஸ்தியம்மாளுக்கு மறுபடி முதலிலிருந்து சண்டை.

பேனா அங்கேயே நிற்கிறது. அடிப்பதா, விடுவதா, நீங்களே சொல்லுங்கள். எதைச் சொன்னாலும், வெள்ளிக்கிழமை காலை மணியடிக்கும் முன்பே செபஸ்தியம்மாள் மகளைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைப்பாள். அதை மாற்றி எழுத நானும் பார்த்தேன். விடமாட்டேன் என்கிறாள்.